கேமராவுக்குத் தெரிந்த முகம்

வளைகாப்புக்குக் கூப்பிட்டவர்களிடம், வளையல் போட்டுக்கொண்டவளை விட்டுவிட்டு யாரோ ஒருத்தியைப் படம் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் சும்மா விடுவார்களா? மேகலாவின் கேமரா அன்றைக்கு அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

பாகலூர் ரோட்டில் ஒரு சின்ன மண்டபம். மேடை வேண்டாம், பெண்கள் எல்லாரும் சுற்றி உட்காரட்டும் என்று நடுக்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் கவிப்ரியா, ஏழு மாத வயிறும் இரண்டு கன்னத்திலும் சந்தனமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் மேகலா முன்பு வேலை பார்த்த கம்பெனியில் அவள்தான் லைன் சூப்பர்வைசர். அந்தப் பழக்கத்தில் வந்த ஆர்டர் இது. மேகலா எதிரே மண்டியிட்டு கேமராவைக் கண்ணில் வைத்தாள். கவிப்ரியாவின் கண் மேல், ஃபோகஸ் எங்கே என்று காட்டுகிற சின்ன வெள்ளைக் கட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அத்தைக்காரி ஒருத்தி வளையலோடு குனிந்தாள். சரியாக அழுத்தப்போகும் நேரத்தில் அந்தக் கட்டம் கவிப்ரியாவின் தோளைத் தாண்டி, பின்னால் சுவரோரம் தாவிவிட்டது. கவிப்ரியா மங்கிப் போனாள்.

அது எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ். முகத்தைப் படம் எடுப்பதற்கென்றே செய்தது. ஒரு கண்ணைப் பிடித்தால் அந்தக் கண் மட்டும்தான் தெளிவு, காதுக்குப் போவதற்குள் மங்க ஆரம்பித்துவிடும். பின்னால் இருப்பவர்கள் தண்ணீரில் கரைத்த சந்தனம் மாதிரி ஆகிவிடுவார்கள். கல்யாணப் பெண்கள் மயங்குவதே இதற்குத்தான். ஆனால் கட்டம் தப்பான ஆள் மேல் விழுந்துவிட்டால் அந்த அழகே வில்லங்கம்.

லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். கேமராவை அணைத்துப் போட்டாள். பேட்டரியை மாற்றினாள். மறுபடியும் ஒரு சித்தி குனிய, மறுபடியும் கட்டம் சுவரோரம் ஓடியது. மேகலாவுக்கு ஸ்டுடியோக் கூட்டாளி ஹரீஷ்குமார் மேல்தான் கோபம் வந்தது. ஆனி மாதக் கடைசியில், சென்சாரில் தூசி இருக்கிறது, பெங்களூரில் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கி வருகிறேன் என்று கேமராவையும் லென்ஸையும் பையோடு கொண்டுபோனவன் அவன்தான். அங்கே எவனோ எதையோ நோண்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, கச்சேரி கிடையாது. சிப்காட்டில் ஒரு பட்டறைக்காரருக்கு கியரும் போல்ட்டும் படம் எடுத்துக் கொடுத்ததோடு சரி. போல்ட்டுக்கு ஏது கண்? அதனால் கேமராவின் கோளாறு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஹரீஷ் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தான். அவனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று, எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். இந்தக் கேமரா விழுந்து விழுந்து பிடிக்கிற அந்த மகாராணி யார் என்று பார்க்க வேண்டுமே.

சுவாதி!

மேகலாவின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. நிமிர்ந்து சுவரோரம் பார்த்தாள். பச்சைப் பட்டும் புதுத் தாலிச் சரடுமாக சுவாதியேதான் நின்றிருந்தாள். வருவாள் என்று மேகலா எதிர்பார்க்கவே இல்லை. கல்யாணமாகி கர்நாடகப் பக்கம் ஆனேக்கல் போனதிலிருந்து போன் போட்டால் எடுப்பதில்லை, எடுத்தாலும் அத்தை இருக்கிறார் அப்புறம் பேசுகிறேன் என்பாள். மேகலா கையை ஆட்டினாள். சுவாதி ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரித்தாள். அந்த ஒரு நொடியை மேகலா அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு பேரும் கம்பெனியில் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். ஒரே ஹாஸ்டல் அறை. சுவாதி தளிப் பக்கம், ரோஜாவும் குடைமிளகாயும் போடுகிற நிலக்காரர் வீட்டுப் பெண். மேகலா கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் காலனிப் பெண். அவள் அப்பா மாதப்பன் அந்த மாதிரி நிலங்களுக்குக் கூலி வேலைக்குப் போய் வந்தவர். ஹாஸ்டல் அறைக்குள் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? மேகலாவின் அம்மா இருளாயி கட்டிக் கொடுக்கிற களியையும் புளிச்சக்கீரையையும் சுவாதிதான் முதலில் பிரிப்பாள். மேகலாவின் வீட்டுக்கே வந்து, தங்கி, இருளாயியின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். மேகலா ஒரே ஒருமுறை தளிக்குப் போனாள். பசுமைக்குடிலுக்குள்ளேயே வைத்துப் பேசி, கை நிறைய ரோஜாவைக் கொடுத்து அனுப்பிவிட்டாள் சுவாதி. வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், உட்கார இடமில்லை என்றாள். மேகலா நம்பினாள். பெயின்ட் அடிக்கிற வீட்டில் உட்கார முடியாதுதானே.

கம்பெனியை விட்டு வந்தபோது கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு மேகலா வாங்கியது இந்தக் கேமராவும் லென்ஸும். பெட்டியைப் பிரித்தது ஹாஸ்டல் அறையில்தான். இந்தக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. இவள்தான் முக்கியம் என்று ஒரு முகத்தைக் காட்டிப் பதிந்து வைத்துவிட்டால், கூட்டத்தில் எத்தனை முகம் இருந்தாலும் அது அந்த முகத்தையே தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையும் வைக்கலாம். இதைக் கேட்டதும் கட்டிலில் படுத்திருந்த சுவாதி எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்கல்யாணத்துக்கு நீதான் எடுக்கற மேகி. அன்னிக்கி உங்கேமரால மொதோ மூஞ்சி என்னுதுதான் இருக்கணும், சொல்லிட்டேன்."

கல்யாணப் பெண்ணாக வா, அப்போது பதிகிறேன் என்று மேகலா சொன்னாள். அந்தக் கல்யாணத்துக்கு எங்கே நின்று எடுப்பது, தாலி கட்டும்போது எந்தப் பக்கம் இருந்தால் இவள் கண் நன்றாக விழும் என்றெல்லாம் எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்தாள். கடைசியில் சுவாதி ஆனி மாதம் போன் போட்டு அழுதாள். திடீரென்று முடித்துவிட்டார்களாம், கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்களாம், வீட்டு ஆட்கள் பத்துப் பேரைத் தவிர யாரையும் கூப்பிடவில்லையாம். மேகலாவுக்குத் தன்னைக் கூப்பிடாததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு நல்ல போட்டோ கூட இல்லாமல் இவள் கல்யாணம் முடிந்துபோயிற்றே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஒருநாள் மாப்பிள்ளையோடு வா, ரோஜாத் தோட்டத்தில் வைத்து ஆல்பமே போட்டுத் தருகிறேன் என்று எத்தனை முறை சொன்னாள். சுவாதி வருகிறேன் வருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே மேகலா மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்தாள். கட்டம் மறுபடி ஓடிப்போய் சுவாதியின் கண்ணில் உட்கார்ந்தது. பாரடி, என் கேமராவுக்குக்கூட உன்னைத் தெரிகிறது என்று சிரித்தாள்.

சிரித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. கேமராவுக்கு எப்படித் தெரியும்? யார் காட்டிக் கொடுத்தது?

ஹரீஷும் அவளும் ராயக்கோட்டை ரோட்டில் ஸ்டுடியோ ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கடை அவனுடையது, கேமராவும் லென்ஸும் அவளுடையவை. கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் அழைப்பில் பெண்ணின் முகத்தை முதலாவதாகவும் மாப்பிள்ளையின் முகத்தை இரண்டாவதாகவும் பதிந்து வைத்துவிடுவார்கள். முகூர்த்த நேரத்து நெரிசலில் யார் குறுக்கே வந்தாலும் கேமரா பெண்ணை விடாது. ஆல்பம் கொடுத்த பிறகு அழித்துவிட வேண்டும். பதிவதில் ஹரீஷ் கில்லாடி, அழிப்பதில் சோம்பேறி. கெலமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில், போன வாரக் கல்யாணப் பெண் உறவுக்காரியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட, கேமரா இந்தப் பெண்ணை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் கேமரா அடுத்தவன் பெண்டாட்டியையே பார்க்கிறதே என்று தாய்மாமன் கேட்டே விட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருக்கிறார்கள்.

ஆக, கேமரா ஒருத்தியை விடாமல் பிடிக்கிறதென்றால் அவள் அந்தக் கேமராவுக்கு முன்னால் கல்யாணப் பெண்ணாக நின்றிருக்க வேண்டும்.

மேகலா பந்தி மேசைப் பக்கம் ஒதுங்கிப் போனாள். பாத்திரங்களில் ஏழு வகைச் சாதமும் மூடி வைத்திருந்தார்கள். அங்கே நின்று கேமராவின் மெனுவைத் திறந்தாள். பதிந்த முகங்கள் இரண்டு இருந்தன. முதல் முகம் சுவாதி. நெற்றிச்சுட்டி, மூக்கில் முத்துத் தொங்கல், தலைகொள்ளாத மல்லிகை. இரண்டாவது, தலையில் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை கட்டிய ஒரு மாப்பிள்ளை. அவன் காதுக்குப் பின்னால் வரிசை வரிசையாக விளக்கும் பூவும் மங்கலாகத் தெரிந்தன. பத்துப் பேர் கோயில் கல்யாணத்தில் அவ்வளவு விளக்கு யார் போடுகிறார்கள்?

ஒருவேளை கோயில் கல்யாணம் முடிந்து வரவேற்பு வைத்திருப்பார்கள், அவசரத்தில் சொல்ல மறந்திருப்பாள் என்று அந்த நிலையிலும் சுவாதிக்காக ஒரு சமாதானத்தைத் தேடினாள். மனசு அப்படிப்பட்ட மானங்கெட்ட சாமான். யாரிடம் கேட்பது என்று பார்த்தபோது, கவிப்ரியாவை ஓய்வெடுக்கச் சொல்லிப் பந்திப் பக்கம் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவளே மேகலாவின் கையைப் பிடித்தாள்.

"ஒடம்பு இப்பத் தேவலையாடி?" என்றாள் கவிப்ரியா, தன் மதுரைப் பேச்சில். "சுவாதி கல்யாணத்தன்னைக்கி ஒனக்கு டைபாய்டுன்னு சொன்னா. ஆனேக்கல்ல அம்புட்டுப் பெரிய மண்டபம். நம்ம லைனே வந்துச்சு. ஒன்னய மட்டுந்தான் காணோம்."

மேகலா இப்போது பரவாயில்லை என்று சொன்னாள். வேறென்ன சொல்வது, பிள்ளைத்தாய்ச்சியிடம்? வராத டைபாய்டுக்குத் தேவலை சொல்லிவிட்டு, அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு நகர்ந்தாள். லைனே போயிருக்கிறது. லைனில் ஒருத்திகூட அவளிடம் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் போட்ட ஸ்டேட்டஸ் எதுவும் அவள் போனுக்கு வரவில்லை. டைபாய்டுக்காரியைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று சொல்லி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. எவ்வளவு அக்கறை!

ஹரீஷை மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிப் போனாள். சமையல் அடுப்புப் புகை இருவர் முகத்திலும் அடித்தது. கேமராத் திரையை அவன் முன்னால் நீட்டினாள். அவன் பார்த்தான். முதலில் அவன் சொன்ன வார்த்தை, அழிக்க மறந்துவிட்டேன் என்பது. அவனுக்கு அதுதான் தப்பாகத் தெரிந்திருக்கிறது.

பெங்களூரில் எந்த சர்வீஸ் சென்டர் என்று மேகலா கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சுவாதியின் பெரியப்பா வழியில் அவனுக்குச் சொந்தம் உண்டு. அவர்கள்தான் அவனைக் கூப்பிட்டார்கள். உன் கூட்டாளிப் பெண் வேண்டாம், உள்ளே வந்து பெண்ணையும் பிள்ளையையும் தொட்டு நிறுத்தி எடுக்கிற வேலை, நாலு பெரிய மனிதர்கள் வருகிற இடம், பேச்சாகிவிடும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இன்னும் கெடுபிடியாம்.

"கேமரா வேணும், ஆளு வேணாம்னாங்க மேகலா. நா என்னா பண்ணட்டும்?"

"வரமாட்டேன்னு சொல்லிருக்கலாமில்ல."

"சொந்தத்துல மொதோ ஆர்டரு. உட்டா வேற எவனாச்சும் எடுப்பான். எனக்கும் நாலு ஆர்டரு வரணுமில்ல."

அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் மேகலாவுக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் பக்கத்தில் நின்று, ஒரே டம்ளர் டீயை இரண்டாக ஆற்றிக் குடித்தவன், கூச்சப்படாமல் உண்மையைச் சொல்கிறான். அவள் கேமரா அந்த மண்டபத்து வாசலில் நுழைந்திருக்கிறது. அவள் லென்ஸுக்குப் பன்னீர் தெளித்திருப்பார்கள். அவள் கழுத்து வியர்வை ஊறின அந்தத் தோல் பட்டைகூட மணமேடை வரைக்கும் போய் வந்திருக்கிறது. அவள் மட்டும்தான் போகக் கூடாது.

அப்போதும் ஒரே ஒரு நூல் அறாமல் இருந்தது. இதெல்லாம் பெரியப்பன் செய்தது, ஹரீஷ் செய்தது. சுவாதி என்ன செய்வாள், அவளே அழுதுகொண்டிருந்திருப்பாள். போனில் அழுதாளே, அந்த அழுகை பொய்யாகவா இருக்கும்? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேகலா கூடத்துக்குத் திரும்பினாள். மிச்சமிருந்த சடங்கை எடுத்து முடித்தாள். முகத்தைத் தேடுகிற வேலையை கேமராவிடம் விடாமல், கட்டத்தைக் கையாலேயே நகர்த்தி கவிப்ரியாவின் கண்ணில் வைத்து எடுத்தாள். கவிப்ரியா என்ன பாவம் செய்தாள்?

பந்தி ஆரம்பித்ததும் சுவாதி அவளை நோக்கி வந்தாள். கூடவே அவள் மாமியார். அந்த அம்மாள் மேகலாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யார் இது என்று மருமகளைக் கன்னடத்தில் கேட்டாள்.

"ஃபோட்டோ தெகியோரு, அத்தே" என்றாள் சுவாதி.

போட்டோ எடுக்கிறவர்கள். ஓசூரில் பிறந்து வளர்ந்த பூனைக்கும் அந்த அளவுக்குக் கன்னடம் புரியும். மேகலாவுக்குப் புரியாது என்று சுவாதி நினைத்திருக்க மாட்டாள். மாமியார் தலையை ஆட்டிவிட்டு இலையில் போய் உட்கார்ந்தாள். அவள் உட்காருகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு சுவாதி மேகலாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துப் போனாள். மேகலா கேமராத் திரையைக் காட்டினாள். நெற்றிச்சுட்டியோடு இருக்கிற தன் முகத்தைப் பார்த்து சுவாதிக்கு முதலில் வந்தது புன்னகைதான். அப்புறம்தான் கண் கலங்கியது.

"எங்கூட்டப் பத்தித் தெரிமில்ல மேகி உனக்கு. அப்பா எங்கால்ல உழாத கொறை. உன்னக் கூப்ட்டா மேடைக்கே வரமாட்டேன்னு பெரிப்பா சொல்லிட்டாரு."

தனக்கு டைபாய்டு வந்ததையும் அவர்தான் சொன்னாரா என்று மேகலா கேட்டாள். சுவாதி மூக்கை உறிஞ்சினாள். பிறகு மேகலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தன் மனசில் இருக்கிற பெரிய அன்பையெல்லாம் திறந்து காட்டுகிறவள் போலச் சொன்னாள்.

"ஆனா ஒண்ணு மேகி. வேற கேமரான்னா வேணாம்னுட்டேன். உங்கேமராவையும் அந்த லென்ஸையுந்தான் கொண்டாரணும்னு ஹரீஷ் அண்ணங்கிட்ட நாந்தான் அடம் புடிச்சேன். மொதோ மூஞ்சி என்னுதுதான் வெக்கணும்னும் சொன்னேன். நீயே வந்து எடுத்த மாதிரி இருந்துச்சு."

பிடித்துக்கொண்டிருந்த நூல் அங்கேதான் அறுந்தது. பெரியப்பன் வேண்டாமென்றது ஆளை. இவள் கேட்டு வாங்கியது கேமராவை. மேகலாவுக்குத் தெரியாமல் எடுத்துவந்த கேமரா என்று தெரிந்தேதான் அதன் முன்னால் நின்று சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு மங்காமல் வர வேண்டுமே என்று முகத்தைப் பதிந்துகொள்ளவும் மறக்கவில்லை. அப்புறம் போன் போட்டு, பத்துப் பேர் கல்யாணம் என்று அழுதிருக்கிறாள். ஒரு போட்டோ கூட இல்லையே என்று மேகலா வருத்தப்பட்டபோது அவள் வீட்டு மர அலமாரியில் ஆல்பம் தடிதடியாக இருந்திருக்கும். பெரியப்பனை மேகலாவால் திட்ட முடியும். கட்டிப்பிடித்து அழுகிறவளை எப்படித் திட்டுவது? சுவாதி பிடித்திருந்த கைகளை அவள் உருவிக்கொள்ளவில்லை.

சுவாதி அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்து, பொட்டைச் சரிசெய்து, நாம் இரண்டு பேரும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு நாளாயிற்று என்றாள். மாமியார் இலையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் ஹரீஷைக் கூப்பிட்டாள். தப்புக்குப் பரிகாரம் கிடைத்த மாதிரி அவனும் ஓடி வந்தான். மேகலா கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி, மாற்றி வைத்திருந்ததைப் பழையபடி முகத்தைத் தேடும் நிலைக்குக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். முதல் முகத்தை அழிக்க ஒரு நொடி போதும். அழிக்கவில்லை. பார்த்துவிடலாம் என்றிருந்தது.

சுவாதி மேகலாவைத் தனக்குப் பின்னால் ஒட்டினாற்போல நிறுத்தி, அவள் கையை எடுத்துத் தன் தோளில் தானே வைத்துக்கொண்டாள். ஹாஸ்டலில் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஹரீஷ் அழுத்தினான்.

மேகலா கேமராவை வாங்கிப் பார்த்தாள். படம் அருமையாக வந்திருந்தது. சுவாதியின் இமை முடி ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெளிவு. கலங்கின கண்ணில் ஜன்னல் வெளிச்சம் மின்னியது. தோளில் மேகலாவின் விரல்கள் ஓரளவு தெரிந்தன. அதற்குப் பின்னால், அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில், கரைத்த சந்தனம். அவள் வாங்கின கேமரா, அவள் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்ட லென்ஸ், அவள் ஏற்படுத்தின வழக்கம். எல்லாம் சேர்ந்து அவளை விட்டுவிட்டன.

மறுநாள் காலையில் ஸ்டுடியோவுக்குப் போய் சார்ஜர், விளக்கு, லென்ஸ் துடைக்கிற துணி வரைக்கும் பையில் எடுத்து வைத்தாள். கவிப்ரியாவின் படங்களைச் சரிசெய்து ஹரீஷின் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஹரீஷ் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். ஒரு தரம் செய்த தப்புக்கா கடையை உடைக்கிறாய் என்று கேட்டான். இனிமேல் கேட்காமல் கேமராவைத் தொடமாட்டேன் என்றான். அவனுக்கு இன்னமும் அது கேமராவை எடுத்துப்போன தப்பாகத்தான் இருந்தது.

"நா நுழையாத எடத்துக்கு இனிமே இதுவும் நுழையாது ஹரீஷ்" என்றாள் மேகலா. "வழி உடு."

அவன் விட்டான்.

கெலமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு, நேற்றைய அந்தப் படத்தை போனுக்கு மாற்றி, எதையும் திருத்தாமல் அப்படியே சுவாதிக்கு அனுப்பினாள். ஏன் அனுப்புகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. நீ தெரியவே இல்லையே மேகி என்று ஒரு வார்த்தை வரும். அது வந்துவிட்டால் போதும். பெரியப்பனை, டைபாய்டை, தெகியோருவை எல்லாவற்றையும் எங்கேயாவது போட்டுப் புதைத்துவிடலாம். வெட்கமில்லாமல் அவள் இன்னும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

உடனே பதில் வந்தது. நாலு இதயம். அதன் கீழே, "செமையா வந்திருக்கேன் மேகி, உங்கேமரா உங்கேமராதான்."

மேகலா பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். மெனுவுக்குப் போனாள். முதல் முகத்தை அழிக்கவா என்று கேமரா ஒருமுறை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். இரண்டாவதையும் அழித்தாள். இப்போது அதற்கு யாரையும் தெரியாது.

உத்தனப்பள்ளி தாண்டும்போது போனை எடுத்து மணி பார்த்தாள். சுவாதி அதற்குள் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தை மாற்றியிருந்தாள். பச்சைப் பட்டு, கலங்கின கண், ஜன்னல் வெளிச்சம். பின்னால் மங்கலாக நின்றவளை வெட்டி எடுத்துவிட்டு அவள் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெட்டும்போது கவனிக்கவில்லை போலிருக்கிறது, தோளில் இரண்டு விரல் மட்டும் மிச்சமிருந்தது.